'நாம்', 'நாங்கள்': ஆவணப்படங்களில் தமிழ்ப் பேச்சும் அதன் பெயர்ப்பும்

1. முன்னுரை

ஆவணப்படம் ஒன்று பார்வையாளரைச் சென்றடையும் வழிகள் நான்கு. அவை திரைப்பட விழா, திரையரங்கு, தொலைக்காட்சி, இல்லத்திரை என்பன. இவ்வழிகளைப் பற்றிப் பேசுவோர் வணிகம், தணிக்கை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையே பெரிதும் கருதுகின்றனர். ஒவ்வொரு வழியிலும் படத்தின் மொழி மாறுகிறது என்னும் செய்தி போதிய கவனம் பெறவில்லை. கதைப்படத்தில் நடிகர் பேசுவது பிறர் எழுதிய உரையாடல். அதை வேறு மொழியில் மீண்டும் எழுதி வேறு குரலில் பேசவைக்கலாம். ஆவணப்படத்தில் பேசுபவரோ தம் வாழ்வைத் தம் சொல்லால் கூறுகிறார். அச்சொல்லே அங்கு ஆவணம். ஆகவே அச்சொல்லைப் பெயர்ப்பது ஆவணத்தையே மாற்றுவதாக முடியலாம்.

இக்கட்டுரை, ஆவணப்படங்களில் இடம்பெறும் பேச்சு, குறிப்பாகத் தமிழ்ப் பேச்சு, மேற்கூறிய நான்கு வழிகளிலும் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை ஆராய முற்படுகிறது. மும்பை மாநகரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணங்கள் இரண்டு. இந்திய ஆவணப்பட இயக்கத்தின் தலைமை நிலையங்கள் நெடுங்காலமாக அந்நகரில் உள்ளன என்பது ஒன்று. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பழைய குடியிருப்புகளிலும் நெருள் போன்ற புதிய நகர்ப்பகுதிகளிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர் என்பது மற்றொன்று. தமிழைப் பேசுவோரும் கேட்போரும் தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் இடத்தில் பெயர்ப்பின் சிக்கல்கள் தெளிவாகப் புலப்படுகின்றன.

2. அரங்கில் ஒலித்த வருணனை

தமிழ் ஆவணப்பட வரலாற்றில் முதலில் குறிப்பிடத்தக்கது ஏ. கே. செட்டியார் உருவாக்கிய காந்தியடிகள் பற்றிய படமாகும். பல நாடுகளில் அலைந்து திரட்டிய படச்சுருள்களைத் தொகுத்து, தமிழ் வருணனையுடன் 1940-இல் சென்னையில் அவர் அதனை வெளியிட்டார். தெலுங்கு வருணனையும் அதற்கு அமைந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று. பிற்காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டறிந்தது அவ்வாங்கில வடிவமே. படம் எஞ்ச, அதற்கு முதலில் அமைந்த தமிழ்க் குரல் பின்தங்கிப்போன இந்நிகழ்ச்சி, இக்கட்டுரையின் பொருளுக்கு முன்னுரையாக அமைகிறது எனலாம்.

இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. பெடர் சாலையிலுள்ள அதன் தலைமையகத்திலிருந்து செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் 15 மொழிகளில் நாடெங்கும் அனுப்பப்பட்டன. திரையரங்குகள் கதைப்படத்திற்கு முன்னர் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது உரிம நிபந்தனையாக இருந்தது. இந்நிபந்தனை செல்லுமா என்னும் வழக்கில், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. எனினும் அரங்குகளின் நடைமுறையும் தொலைக்காட்சியின் பெருக்கமும் அவ்வழக்கத்தை மங்கச் செய்துவிட்டன. திரைப்படப் பிரிவே 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

ஒரே படத்தைப் பல மொழிகளில் வழங்க முடிந்ததற்கு அப்படங்களின் அமைப்பே காரணம். காட்சிகள் ஊமையாக இருந்தன. பொருளை உணர்த்தும் பொறுப்பு முழுவதும் வருணனையாளரிடம் இருந்தது. வருணனை தனி ஒலித்தடமாக இருந்ததால், காட்சியைத் தொடாமல் அதை மட்டும் மாற்றினால் போதுமானதாயிற்று. திரையில் அணைக்கட்டில் கல் சுமப்பவர் எம்மொழியினர் என்ற வினாவே எழவில்லை. தமிழ்நாட்டு அரங்கில் அவரைப் பற்றித் தமிழில் கூறப்பட்டது. வங்காளத்தில் வங்க மொழியில் கூறப்பட்டது. அவர் கூறியது எங்கும் கேட்கவில்லை.

அவ்வருணனையின் தமிழ் எழுத்து வழக்கைச் சார்ந்தது. 'உற்பத்தி பெருக்கப்படுகிறது', 'மக்கள் பயனடைந்து வருகின்றனர்' என்பன போன்ற தொடர்களில் வினைமுதல் மறைந்து நிற்பதும், படர்க்கைப் பன்மை மேலோங்கி நிற்பதும் அந்நடையின் இயல்புகள். தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பதை ஃபெர்குசன் 1959-இல் வகுத்துக் காட்டிய கோட்பாடு தெளிவாக்குகிறது. அரசு பேசியது உயர் வழக்கில். மக்கள் பேசும் பொது வழக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது.

3. பேச்சின் வருகை

எளிதில் தூக்கிச் செல்லத்தக்க படக்கருவியும், காட்சியுடன் ஒருங்கே ஒலியைப் பதியும் கருவியும் 1960-களில் பரவின. அதன் விளைவு 1967-ஆம் ஆண்டின் படங்களில் தெளிவாகத் தெரிகிறது. திரைப்படப் பிரிவுக்காக எஸ். என். எஸ். சாஸ்திரி எடுத்த 'ஐ ஆம் 20' என்ற படத்தில், நாடு விடுதலை பெற்ற 1947-இல் பிறந்த இளைஞர்கள் படக்கருவியை நோக்கித் தம் கருத்தைக் கூறினர். அதே ஆண்டில் சுக்தேவ் எடுத்த 'இந்தியா 67' வருணனையை அறவே நீக்கிக் காட்சியாலும் இயற்கை ஒலியாலும் இயன்றது. ஒன்று பேச்சை உள்ளே கொணர்ந்தது. மற்றொன்று வருணனையை வெளியே அனுப்பியது.

மொழியியல் நோக்கில் இவ்விரண்டும் எதிரெதிர் விளைவுடையன. வருணனை இல்லாத படம் பெயர்ப்பின்றியே எம்மொழியினரையும் அடையும். மக்கள் பேசும் படமோ ஒரு மொழிக்குக் கட்டுப்பட்டது. உதட்டசைவும் முகக்குறிப்பும் பேச்சுடன் பிணைந்திருப்பதால் ஒலித்தடத்தைப் பிரித்து மாற்றுதல் அரிது. ஆவணப்படம் உண்மைக்கு நெருங்கும்தோறும் அது மொழிக்குள்ளும் நெருங்கிச் செல்கிறது. மொழிக்குள் செல்லும்தோறும் பிற மொழியாளரிடமிருந்து விலகுகிறது. பிற்கால ஆவணப்படங்கள் அனைத்தும் இச்சிக்கலுக்கு ஏதேனும் ஒரு விடை கண்டாக வேண்டியிருந்தது.

4. ஒரு தலைப்பும் இரு தன்மைப் பன்மைகளும்

ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்த படம், பம்பாயின் குடிசைகளிலும் நடைபாதைகளிலும் வாழ்வோரின் வீடுகள் இடிக்கப்படுவதைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'பாம்பே: அவர் சிட்டி' என்றும் இந்தியில் 'ஹமாரா ஷஹர்' என்றும் அது வழங்குகிறது. இத்தலைப்பைத் தமிழில் எவ்வாறு கூறுவது என்பது எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும் தமிழ் இலக்கணம் இங்கு ஒரு முடிவை வேண்டி நிற்கிறது. அது 'எங்கள் நகரம்' எனப்பட வேண்டுமா, 'நம் நகரம்' எனப்பட வேண்டுமா?

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். முன்னிலையாரை உளப்படுத்துவது 'நாம்'. உளப்படுத்தாது விலக்குவது 'நாங்கள்'. பழந்தமிழில் நாம், யாம் என்னும் சொற்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை உணர்த்தின. ஆங்கிலத்திலும் பொது இந்தியிலும் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே அம்மொழிகளில் தலைப்பு இருபொருள்படுகிறது. வீடிழந்தவர் 'இது எங்கள் நகரமும்தான்' என்று கூறுவதாகவும் அதைக் கொள்ளலாம். வசதி படைத்தவர் 'இது எங்கள் நகரம், நீங்கள் வெளியேறுங்கள்' என்று கூறுவதாகவும் கொள்ளலாம். பார்வையாளரையும் சேர்த்து 'நம் நகரம்' என்றும் கொள்ளலாம். தமிழில் பெயர்ப்பவர் இம்மூன்றையும் ஒருசேரக் காக்க இயலாது.

மராத்தி இங்குத் தமிழை ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. அம்மொழியில் 'ஆம்ஹீ' என்பது முன்னிலையாரை விலக்குவது; 'ஆபண்' என்பது உளப்படுத்துவது. குஜராத்தியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இந்தோ-ஆரிய மொழிகளுள் இவற்றில் இவ்வேறுபாடு காணப்படுவதைத் திராவிட மொழித் தொடர்பின் விளைவாக அறிஞர் பலர் கருதுகின்றனர். மும்பைத் தெருக்களில் நன்கறியப்பட்ட 'ஆம்சி மும்பை' என்னும் முழக்கம், இலக்கணப்படி, கேட்பவரைச் சேர்க்காத 'எங்கள் மும்பை'. சேர்த்துக் கூறுவதாயின் 'ஆப்லீ மும்பை' என அமையும். ஒரு நகரம் யாருடையது என்னும் வழக்கு ஒரு மாற்றுப்பெயரின் வடிவில் தங்கியிருப்பதை இங்குக் காண்கிறோம்.

இது சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடும் செய்தியன்று. 1981 ஜூலையில் பம்பாயின் நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் சொந்த ஊர்களுக்கு அனுப்ப மகாராட்டிர அரசு முற்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த வழக்குகளில் ஓல்கா டெல்லிஸ் வழக்கு பெயர்பெற்றது. ஒருங்கே விசாரிக்கப்பட்ட அம்மனுக்களைத் தொடுத்தவர்களுள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து சேலத்திலிருந்து 1961-இல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற தொழிலாளி. வாழ்வுரிமை என்பது பிழைப்புக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் கூறியது. எனினும் உரிய அறிவிப்புடன் வெளியேற்றலாம் என்றும் தீர்ப்பளித்தது. அப்படமும் இத்தீர்ப்பும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. 'எங்கள்', 'நம்' ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினா அந்தச் சேலத்துத் தொழிலாளிக்கு இலக்கண வினாவன்று, இருப்பிட வினா.

5. விழாவும் அடிவரியும்

ஆவணப்படம், குறும்படம் ஆகியவற்றிற்கான மும்பை பன்னாட்டுத் திரைப்பட விழா 1990 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. அதன் 18-ஆவது விழா 2024-இல் நிகழ்ந்தது. 2004-ஆம் ஆண்டு விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று வேண்டும் என்ற விதி எதிர்க்கப்பட்டது, விதி கைவிடப்பட்டது. பின்னர்த் தேர்வில் தாம் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதிய படைப்பாளிகள் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை மும்பையிலேயே நடத்தினர். தமிழ்நாட்டில் ஆர். பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஒழுங்கு செய்துவந்த விழாவும் இவ்வாறே பெருநிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்தது.

விழாக்களில் படத்தை மொழி கடத்தும் கருவி அடிவரி. சப்டைட்டில் எனப் பொதுவழக்கில் கூறப்படுவது இதுவே. பெரும்பாலான பன்னாட்டு விழாக்கள் ஆங்கில அடிவரியை வேண்டுகின்றன. சர்வ்னிக் கௌர் இயக்கிய 'அகெய்ன்ஸ்ட் தி டைட்' மும்பையின் கோலி மீனவர் வாழ்வைப் பற்றியது. 2023-இல் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்ற அப்படம் உலகப் பார்வையாளரை எட்டியது அடிவரியின் வழியாகவே.

குரல்மாற்றுடன் ஒப்பிடுங்கால் அடிவரி நேர்மையானது. பேசுபவரின் குரலை அது அழிப்பதில்லை. ஆனால் அதற்கு இடமும் காலமும் குறைவு. பொதுவாக இரண்டு வரிகள், மிகுதியாக ஆறேழு நொடிகள். அதற்குள் படித்து முடிக்கத்தக்கதே எழுதப்பட வேண்டும். எனவே அடிவரி சுருக்கத்தை நாடுகிறது. சுருக்கும்போது முதலில் கழிக்கப்படுவன இடைச்சொற்களும், விளிகளும், திரும்பக் கூறலும் ஆகும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவை உணர்த்துவன இவையே.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். தாராவியில் வாழும் நெல்லை மாவட்டத்துப் பெண் ஒருவர், தம்மைப் படமெடுக்கும் தமிழ் இளைஞரிடம் பின்வருமாறு கூறுவதாகக் கருதுக:

"நாங்க போயிட்டா நம்ம சனங்க எங்கய்யா போவாங்க?"

இத்தொடரின் முதற்சொல் கேட்பவரை விலக்குகிறது. இழக்கப்போவது பேசுபவரின் குடும்பம். மூன்றாம் சொல் கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறது. 'சனங்கள்' இருவருக்கும் பொது. 'ஐயா' என்னும் விளி வயதில் இளையவரையும் பரிவுடன் அழைப்பது. ஆங்கில அடிவரியில் முதற்சொல்லும் மூன்றாம் சொல்லும் ஒரே தன்மைப் பன்மையாகிவிடும். விளி பெரும்பாலும் மறையும். 'நாங்கள் சென்றுவிட்டால் மக்கள் எங்கே செல்வர்' என்னும் செய்தி மட்டும் எஞ்சும்.

கேட்பவர் வேற்று மொழியினராக இருந்து, பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செல்லுமாயின், அப்பெண் 'எங்க சனங்க' என்றே பெரும்பாலும் கூறியிருப்பார். ஆகவே 'நம்ம' என்ற சொல், படக்கருவிக்குப் பின்னால் நிற்பவரை அவர் யாராகக் கருதினார் என்பதற்குச் சான்றாகிறது. படத்தில் தோன்றாத இயக்குநர், பேசுபவரின் மாற்றுப்பெயரில் தோன்றிவிடுகிறார். ஓர் ஆவணப்படத்தின் நம்பகத்தை மதிப்பிடுவோர்க்கு இதைவிடச் சிறந்த அகச்சான்று அரிது. ஆனால் அடிவரியை மட்டும் படிப்பவருக்கு அது கிட்டுவதில்லை.

இவ்வளவுகோலை எல்லாக் கிளைமொழிகளுக்கும் ஒரே தன்மையாகப் பொருத்தலாகாது. யாழ்ப்பாணத் தமிழில் 'நாங்கள்' என்பதே முன்னிலையாரை உளப்படுத்தியும் வழங்கும். ஆகவே ஈழத்தவர் பேசும் ஆவணப்படத்தில் அச்சொல்லைக் கண்டு விலக்கம் என முடிவு செய்வது பிழையாகும். தமிழ்நாட்டு வழக்கில் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்பது போல, உரிமை பகிராத இடத்திலும் அன்பின் பொருட்டு உளப்பாட்டு வடிவம் வருவதுண்டு. பெயர்ப்பவர் கிளைமொழியையும் சூழலையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையே இவை உணர்த்துகின்றன.

6. தொலைக்காட்சி

பம்பாயில் தொலைக்காட்சி 1972 அக்டோபரில் தொடங்கியது. அங்கு வாழ்ந்த தமிழர்க்குத் தொலைக்காட்சியில் தமிழ் கேட்பது நெடுங்காலம் அரிய நிகழ்ச்சியாகவே இருந்தது. 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் ஒளிபரப்பிய மாநில மொழிப் படங்கள் ஆங்கில அடிவரியுடன் வந்தன. இந்திய இல்லங்கள் பலவற்றிற்கு அடிவரி அறிமுகமானது அப்போதுதான். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரே மாதுங்காவிலும் தாராவியிலும் அன்றாடம் தமிழ் கேட்கும் நிலை உருவாயிற்று.

ஆவணப்படம் தொலைக்காட்சியை அடைய நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. போபால் நச்சுவாயு விபத்தைப் பற்றிய 'பியாண்ட் ஜெனோசைட்' என்ற படத்தைத் தூர்தர்ஷன் மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1992-இல் கூறியது. பட்வர்தன் 1995-இல் எடுத்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' என்னும் படத்தை ஒளிபரப்புமாறு அதே நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. இவ்வழக்குகளில் பேசப்பட்டது கருத்துரிமை. படம் எம்மொழியில் ஒளிபரப்பப்பட வேண்டும் என்பது அவற்றில் மையப் பொருளாகவில்லை. ஒரு படம் ஒளிபரப்பப்படுவது வேறு. அது கேட்பவருக்கு விளங்குவது வேறு என்பதை நாம் கருதவேண்டும்.

பின்னாளில் அறிவியல், கானுயிர் பற்றிய அயல்நாட்டு ஆவணப்படங்கள் தமிழ்க் குரலுடன் ஒளிபரப்பாயின. இங்குத் திரைப்படப் பிரிவின் பழைய முறையே வேறு வடிவில் திரும்பியது. விலங்குகளுக்குக் குரல்மாற்றால் இழப்பில்லை. ஆயின் அப்படங்களில் தோன்றும் மீனவரும் உழவரும் கூறுவது மேலெழும் தமிழ்க் குரலில் அமிழ்ந்துபோகிறது.

7. இல்லத்திரையும் நெருள் வீடுகளும்

இணையவழி ஒளிபரப்பு வந்தபின் நான்காம் வழியே பெருவழியாயிற்று. இரு தமிழ்ப் படங்களை இங்கு ஒப்பிடலாம். திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017-இல் வெளிவந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றிய அப்படத்தின் திரையிடல்களுக்குத் தமிழ்நாட்டில் பல இடங்களில் காவல்துறை தடை விதித்த நிலையில், யூடியூப் வழியாக அது மக்களை அடைந்தது. டச்சு மொழியிலிருந்து தமிழில் கலந்த சொல்லே அதன் தலைப்பு. 'கழிவறை' என்னும் தூய வழக்கு அங்கு இடம்பெறாதது காரணத்தோடுதான். மேல்நிலைச் சொல் அத்தொழிலின் இழிவை மறைத்துவிடும். ஆர். பி. அமுதன் அதே பொருள் பற்றி எடுத்த முந்தைய படத்திற்குப் 'பீ' என்று பெயரிட்டதும் இந்நோக்குடையதே.

கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி, 2023-இல் குறு ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்க்கும் இணையரைப் பற்றிய அப்படத்தின் மொழி தமிழ். ஆயினும் தமிழரும் அதனை ஆங்கிலத் தலைப்பாலேயே அறிவர். அதில் இடம்பெறும் காட்டுநாயக்கர் சமூகத்திற்குத் தனக்கென ஒரு திராவிட மொழி உண்டு என்பதும், அம்மொழி உலகப் பார்வையாளரின் கவனத்திற்கு எட்டவில்லை என்பதும் எண்ணத்தக்கன. 'தமிழ்ப் படம்' என்னும் பெயர்ச்சீட்டே ஒருவகைப் பெயர்ப்புதான்.

இனி, இத்தகைய படத்தை நெருளில் ஒரு தமிழ்க் குடும்பம் காண்பதைக் கருதுவோம். நவி மும்பை, 1970-இல் நிறுவப்பட்ட சிட்கோ நிறுவனத்தால் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். மாதுங்காவிலும் செம்பூரிலும் இடமின்றிப் பெருகிய குடும்பங்கள் பல அங்குக் குடியேறின. அத்தகைய வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒரு திரையின் முன் அமர்கின்றனர். பாட்டி தமிழைப் பேசுவார், படிப்பார், ஆங்கிலம் அறியார். மகன் தமிழ் பேசுவார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலோ வீட்டிலோ கற்றிருந்தால் படிக்கவும் கூடும். பேரர் ஆங்கிலவழிப் பள்ளியில் இந்தியையும் மராத்தியையும் கற்றவர். தமிழைக் கேட்டு ஓரளவு புரிந்துகொள்வார், எழுத்தறியார்.

ஒரு தமிழ் ஆவணப்படம் ஆங்கில அடிவரியுடன் மட்டும் வருமாயின் பாட்டி காதால் பெறுகிறார், பேரர் கண்ணால் பெறுகிறார். இருவரும் ஒரே படத்தைக் காணினும் பெறும் சொற்கள் வேறு. முன்பு எடுத்துக்காட்டிய தொடரில் பாட்டி 'நம்ம' என்பதைக் கேட்பார். பேரர் அதைப் படிக்கமாட்டார். மராத்தி மொழி ஆவணப்படம் ஆங்கில அடிவரியுடன் வருமாயின் நிலை மாறுகிறது. பேரர் காதாலும் கண்ணாலும் பெறுகிறார். பாட்டிக்கு இரு வழிகளும் அடைபடுகின்றன. நகரத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவர் அந்நகரத்தைப் பற்றிய படத்திற்கே அயலாராகிறார். இல்லத்திரை அனைவருக்கும் திறந்தது என்னும் கூற்று மொழியளவில் உண்மையன்று.

8. மும்பைத் தமிழின் சொற்கள்

மற்றொரு சிக்கல் மும்பைத் தமிழுக்கே உரியது. அங்குள்ளோர் பேச்சில் மராத்தி, இந்திச் சொற்கள் பல இயல்பாகக் கலந்துள்ளன. ஒற்றை அறையைக் குறிக்கும் 'கோலி', அறைகள் வரிசையாக அமைந்த குடியிருப்பைக் குறிக்கும் 'சால்', சாலைச் சந்தியைக் குறிக்கும் 'நாக்கா', குப்பையைக் குறிக்கும் 'கச்சரா' ஆகியன அவற்றுட் சில. இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது பிற சொற்களுடன் மயக்கம் நேர்கிறது.

'கோலி' என்னும் வடிவம் தமிழ்நாட்டாருக்குச் சிறுவர் விளையாடும் உருண்டையை உணர்த்தும். மும்பையில் அது அறையையும் உணர்த்தும். மீனவ சமூகத்தின் பெயராகவும் வரும். மராத்தியில் அறையைக் குறிக்கும் சொல் மூச்சொலியுடன் தொடங்குவது. சமூகப் பெயர் மூச்சொலியின்றித் தொடங்கி, இடையில் ளகர ஒலியுடையது. தமிழ் எழுத்தில் மூச்சொலி வேறுபாடு இல்லை. 'சால்' என்பது தமிழில் உழவின் கோட்டையும் நீர்ப்பாண்டத்தையும் குறிக்கும். சென்னையில் அமர்ந்து தாராவிப் பேச்சை எழுத்துப்பெயர்ப்பு செய்பவர், 'கோலி போச்சு' என்பதைக் கேட்டு விளையாட்டுப் பேச்சு எனக் கருதுவாராயின், வீடிழந்தவரின் கூற்று நகைப்புக்குரியதாகிவிடும்.

தாராவியின் மறுவளர்ச்சித் திட்டத்திற்கு மகாராட்டிர அரசு 2004-இல் ஒப்புதல் அளித்தது. பல தடங்கல்களுக்குப் பின் 2022-இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. தோல் பதனிடும் தொழிலையும் மண்பாண்டத் தொழிலையும் சுற்றி வளர்ந்த அக்குடியிருப்புகள் மாறும்போது, அங்கு உருவான தமிழ் வழக்கும் சிதறும். அவ்வழக்கை ஒலிவடிவில் காத்து நிற்கும் சான்றுகளுள் ஆவணப்படங்களும் அவற்றிற்காக எடுக்கப்பட்டுப் பயன்படாது கிடக்கும் பதிவுகளும் முதன்மையானவை. கிளைமொழி ஆய்வாளர் வினாப்பட்டியலுடன் சென்று பெறும் சொற்களைவிட, வீட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் தாமாகப் பேசுவோரின் தொடர்கள் தொடரியல் ஆய்வுக்கு மிகவும் பயன்படும்.

9. செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஆவணப்படத்தில் உள்ள பேச்சு முழுவதும் பேசிய மொழியிலேயே எழுத்துப்படியாக்கப்பட்டுப் படத்துடன் பாதுகாக்கப்பட வேண்டும். பெரும்பாலும் இன்று எஞ்சுவது ஆங்கில அடிவரிப் பட்டியல் மட்டுமே. அதிலிருந்து பிரெஞ்சுக்கோ சப்பானியத்திற்கோ பெயர்ப்பவர் மூலப் பேச்சை அறியாமலே பெயர்க்கிறார். மூலமொழிப் படி இருந்தால் மராத்திக்குப் பெயர்ப்பவர் 'நாங்க', 'நம்ம' என்னும் வேறுபாட்டை எளிதில் காக்கலாம். அம்மொழியில் அதற்கு இடமுண்டு.

இரண்டாவது, தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் அடிவரியே இடப்பட வேண்டும். அதுவும் பேச்சு வழக்கில் அமைய வேண்டும். செவித்திறன் குன்றியோர்க்கு இது இன்றியமையாதது. பேச்சறிந்து எழுத்தறியாத பேரருக்கு இதுவே எழுத்துப் பயிற்சியுமாகும். அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் பிரிஜ் கோத்தாரி 1996-இல் தொடங்கிய ஒருமொழி அடிவரி முயற்சி, கேட்கும் பாட்டின் சொற்களை அதே மொழியில் திரையில் காட்டி எழுத்தறிவை வளர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. பாட்டுக்குப் பொருந்தியது பேச்சுக்கும் பொருந்தும். 'போயிட்டா' என ஒலிப்பதைச் 'சென்றுவிட்டால்' என்று எழுதிக்காட்டினால் கண்ணும் காதும் முரண்படும், கற்பவர் குழம்புவார். பேச்சுத் தமிழைச் சீராக எழுதுவதற்கான நெறிமுறையை வகுத்தளிப்பது மொழி நிறுவனங்களின் கடமையாகும்.

மூன்றாவது, பிற மொழி ஆவணப்படங்களைத் தமிழருக்கு வழங்குங்கால், மூலக் குரலை முற்றிலும் நீக்காது, அது சில நொடி ஒலித்தபின் தாழ்ந்து ஒலிக்க, அதன்மேல் தமிழ்க் குரலை இடும் முறையைக் கைக்கொள்ளலாம். எழுத்தறியாதோர்க்கும் முதியோர்க்கும் அடிவரி பயன்படாது; அவர்களுக்குக் குரலே வழி. ஆயினும் பேசுபவர் வேறு, பெயர்ப்பவர் வேறு என்பது காதுக்குத் தெரிதல் வேண்டும்.

10. முடிவுரை

திரைப்படப் பிரிவின் வருணனை மக்களைப் பற்றிப் பேசியது. பின்வந்த ஆவணப்படம் மக்களையே பேசவைத்தது. அவ்வாறு பெற்ற பேச்சு, விழாவுக்காகச் சுருங்கியும், தொலைக்காட்சிக்காக வேறு குரலில் அமிழ்ந்தும், இல்லத்திரைக்காக ஆங்கிலமாகியும் செல்லுமாயின், இரண்டாம் முறையும் மக்கள் ஊமையாகின்றனர். இம்முறை அவர்கள் உதடுகள் அசைகின்றன என்பதே வேறுபாடு.

தாராவிப் பெண் 'நம்ம சனங்க' என்று கூறும்போது கேட்பவரைத் தம்முடன் சேர்த்துக்கொள்கிறார். அவ்வுறவைச் சுமந்துவருவது ஒரே ஒரு மாற்றுப்பெயர். அதனைப் பெயர்க்க இயலாத மொழிகளில் பெயர்ப்பவர் குற்றவாளியல்லர். ஆனால் பெயர்க்கத்தக்க மொழியாகிய மராத்தியும், பெயர்ப்பே வேண்டாத மொழியாகிய தமிழும் வழங்கும் மும்பையில் அது இழக்கப்படுவதற்கு இலக்கணம் காரணமன்று, கவனக்குறைவே காரணம். மூலப் பேச்சை எழுதிவைத்தல் என்னும் எளிய செயலால் அக்குறையைப் போக்கலாம்.